அம்மாவுக்கு ஒரு நடைத் திட்டம்

பரூச், குஜராத்
12 அக்டோபர் 2025

அன்புள்ள மைதீன் பிச்சை மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். நீங்களும் அம்மாவும் ஆரிஃபும் அங்கே சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நீங்களோ வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் அனுப்பியதில்லை. அதனால்தான் கடை முகவரிக்கு எழுதுகிறேன். பதிலையும் கையால் எழுதுங்கள். எழுதும்போது மனிதன் கொஞ்சமாவது யோசிப்பான்.

மூன்று வருடமாக ஹஜ் குலுக்கலில் விழாத பெயர் இந்த வருடம் விழுந்திருக்கிறது. மே மாதம் அம்மா உங்களோடு ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். "அண்ணன் வந்தாப் போவேன், இல்லாட்டிப் போகமாட்டேன்" என்று முன்பே சொல்லிவிட்டார். போய்வந்த ஒருவர் எங்கள் பிளான்ட்டில் இருக்கிறார். அங்கே எல்லாமே நடைதான், அதுவும் வெயிலில், கூட்டத்தில் என்கிறார். போன பெருநாளுக்கு வந்தபோது பார்த்தேன். ஒரு மாடி ஏறிவந்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்த நிலையில் அவரை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. ஏழு மாதம் கையில் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் போதும்.

நான் பம்ப் பார்க்கிற ஆள், எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்வேன். வெகுநாள் ஓடாமல் கிடந்த பம்பை எடுத்த எடுப்பில் முழு லோடில் ஓட்டமாட்டோம். வால்வை மூடிவைத்து ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம். அதே மாதிரி முதல் பத்து நிமிடம் சும்மா நடை, காய்கறி வாங்கப் போகிற வேகம். பிறகு இருபது நிமிடம் வேக நடை. கடைசியில் பத்து நிமிடம் மறுபடி மெதுவாக. ஓடுகிற பம்பைப் பட்டென்று நிறுத்தினால் குழாய் அதிரும். வேகமாக நடந்தவர் பட்டென்று பெஞ்சில் உட்கார்ந்தால் தலை சுற்றும். வாரத்தில் ஐந்து நாள் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேக நடையில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டுகிற வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. டிசம்பரில் படிக்கட்டு. ரமலானுக்கு வேறு நேரம், அதை அப்புறம் எழுதுகிறேன். இடம் உக்கடம் பெரியகுளக் கரை. விடியலில் சுபுஹு தொழுத கையோடு கிளம்பிவிடுங்கள்.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் வேண்டாம், அம்மா கட்டமாட்டார். ஹஜ் வகுப்பில் தல்பியா சொல்லிக்கொடுத்திருப்பார்கள் அல்லவா, அந்த நாலடி 'லப்பைக்' முழக்கம். வேக நடையில் அதைச் சத்தமாக ஓதச் சொல்லுங்கள். ஒரு முறை முழுதாக, மூச்சு அறாமல் முடிந்தால் வேகம் சரி. ராகம் போட்டு இழுக்க முடிந்தால் வேகம் போதாது. பாதியில் அறுந்தால் வேகம் அதிகம்.

நீங்கள் கூடவே நடந்து பார்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சமாளிப்பு வேண்டாம்.

துஆவுடன்,
சுஃப்யான்


கோட்டைமேடு, கோவை
29 அக்டோபர் 2025

அன்பும் அறிவும் நிறைந்த மருமகன் சுஃப்யானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறார்களாமே, பார்த்துச் சாப்பிடு. மகன் ஆரிஃப் இப்போது காலையில் கடை திறக்கிறான். முக்கால் இஞ்ச் நட்டையும் அரை இஞ்ச் நட்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைக்கிறான். ஆனாலும் திறக்கிறான்.

நீ எழுதியபடியே நடக்கிறது. ஜைத்தூன் புது ஷூ வாங்கியிருக்கிறாள். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கக் கூச்சப்பட்டு, கரைக்கு வந்துதான் மாட்டினாள். மெதுநடை ஒன்றும் தொந்தரவில்லை. வேக நடையில் நீ சொன்ன தல்பியாவைச் சத்தமாக ஓதினால், அதன் இரண்டாவது அடி முடிவதற்குள் மூச்சு நின்றுபோகிறது. நேற்று அப்படி நின்றபோது எதிரே வந்த கோவிந்தராஜுலு நாயுடு, தினமும் அங்கே நடப்பவர், என்னமோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்.

இதற்கு வேகத்தைக் குறைத்தால் போதுமா, நேரத்தையும் குறைக்க வேண்டுமா? கொஞ்சம் விவரமாக எழுது. நீ எழுதுவது நன்றாகப் புரிகிறது. கடையில் நட்டு முறுக்குகிறவனுக்கும் ஒரே பக்கமாக முறுக்காதே என்றுதான் சொல்வேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் போனில் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதே.

வஸ்ஸலாம்.
உன் மாமா,
மைதீன் பிச்சை


பரூச்
5 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், உங்கள் நலமும் நாடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நலம் விசாரிப்பு ஒரு பக்கம், தகவல் நான்கு வரி. தலைகீழாக எழுதுங்கள்.

இரண்டாவது அடிக்குள் அறுகிறது என்றால் வேகம் மிக அதிகம். நேரத்தைக் குறைக்க வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். மூன்று நிமிடம் கொஞ்சம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிப் போகட்டும். ஒரு வாரத்தில் மூன்றாவது அடிக்கு வந்துவிட வேண்டும்.

எனக்கு இது தெரிய வேண்டும்: மூச்சு அறுந்து நின்றபின் எவ்வளவு நேரத்தில் சாதாரணமாகிறது? அந்த நேரத்தில் அம்மா என்ன சொல்கிறார்? உங்கள் கடிதத்தில் ஷூவுக்கு அடுத்து அம்மாவே இல்லை. ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லையா? அம்மா பேசாமல் நாற்பது நிமிடம் நடந்தார் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவரிடம் கேட்காதே என்று ஏன் எழுதினீர்கள்? அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுஃப்யான்


கோட்டைமேடு
30 நவம்பர் 2025

அன்பு மருமகனுக்கு,

உன் மீது சாந்தி உண்டாகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். தாமதத்துக்குக் கோபிக்காதே, கடையில் சரக்கு இறங்கியது.

மாற்றி மாற்றி நடப்பது தேவலாம். மூன்றாவது அடிவரை சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. கரையின் மேட்டுப் பக்கம் ஏறும்போது மட்டும் தாடையில் ஒரு இழுப்பு, இடது தோளிலும் கொஞ்சம். நின்றுவிட்டால் போய்விடுகிறது. வாயுவாகத்தான் இருக்கும், ஓமத்தண்ணீர் குடித்தாகிறது. நீ படித்ததில் இதைப்பற்றி ஏதாவது இருக்கிறதா? டிசம்பர் படிக்கட்டைத் தள்ளிப்போட்டால் திட்டம் கெட்டுவிடுமா?

நீ கேட்டதற்குப் பதில்: ஜைத்தூன் எப்போதும்போலப் பேசுகிறாள். அவளிடம் கேட்காதே என்றது, வீணாகப் பயப்படுவாள் என்பதால். உன் அக்கா யாஸ்மினுக்கும் எழுத வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் போத்தனூர் முழுக்கத் தெரியும்.

துஆ செய்.
மைதீன் பிச்சை


பரூச்
6 டிசம்பர் 2025

யாஸ்மின் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமா? நான் நலமில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. போனில் சொன்னால் உன் வீட்டில் எல்லோர் காதிலும் விழும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு நான் நடைத் திட்டம் போட்டுக்கொடுத்ததும், மாமா அதைக் கவனிப்பதும் உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று மாமா சொல்கிறார். சத்தமாகத் தல்பியா ஓதிக்கொண்டு நடந்தால் அம்மாவுக்கு இரண்டாவது அடியிலேயே மூச்சு அறுகிறதாம். மேடு ஏறினால் தாடை இழுக்கிறதாம், தோள் வலிக்கிறதாம், நின்றால் போய்விடுகிறதாம். மாமா ஓமத்தண்ணீர் கொடுக்கிறார். இது வாயு இல்லை அக்கா. ஏறும்போது வந்து நின்றால் போகிற தாடை வலி இதயத்து வலியாக இருக்கலாம். இது எனக்கே தெரிகிறது, மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

நடையை இன்றே நிறுத்து. அம்மாவை நாளைக்கே இதய டாக்டரிடம் கூட்டிப்போ. என்ன பொய் சொல்லிக் கூட்டிப்போவாயோ எனக்குத் தெரியாது. மாமாவிடம் சொல்லாதே. அவர் எதையோ மறைக்கிறார். என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

தம்பி,
சுஃப்யான்


போத்தனூர்
16 டிசம்பர் 2025

அன்புத் தம்பி சுஃப்யானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். மச்சான் ஸலாம் சொல்லச் சொன்னார்.

முதலில் உட்கார்ந்துகொள். அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. "எனக்குப் படபடன்னு வருது, துணைக்கு வாங்கம்மா" என்று சொல்லிக் கூட்டிப்போய், அங்கே அவரைப் பிடித்து உள்ளே அனுப்பினேன். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாயிற்று. டிரெட்மில்லை ஓட்டுகிற பையன் போதும் என்று நிறுத்தியதும் அம்மா, "அவ்வளவுதானுங்களா தம்பி? இன்னும் கொஞ்சம் ஓட்டுங்களேன்" என்கிறார். டாக்டர் சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது அம்மா என்னைத்தான் முறைத்தார், பொய் சொன்னதற்கு. இப்போது மாடி ஏறினால் சுவரைப் பிடிப்பதில்லை. நீ போட்ட திட்டம் வேலை செய்திருக்கிறது, அதற்குச் சந்தோஷப்படு.

தாடை வலியா என்று கேட்டேன். "எனக்கெதுக்குத் தாடை வலிக்குது? உன்ற மாமியார் பேச்சுக்குப் பதில் பேசறவ நீதானே, உனக்குத்தான் வலிக்கும்" என்றார்.

இன்னொன்று. அம்மா சத்தமாக ஓதினாராம்? யார் சொன்னது? ஆண்கள்தான் தல்பியாவைக் குரல் உயர்த்திச் சொல்வார்கள். பெண்களுக்குத் தங்கள் காதுக்குக் கேட்டால் போதும். ஹஜ் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். கரையில் நாலு ஆம்பளைங்க நடக்கிற இடத்தில் அம்மா வாயைத் திறந்து சத்தமாக ஓதுவாரா? நீ எழுதினாயாம், மாமா கேட்டாராம், அம்மா ஓதினாராம். நல்ல கதை.

மறுநாள் காலை நானும் கரைக்குப் போனேன். அம்மா முன்னால் வெகுதூரம் போய்விட்டார். மாமா மேட்டுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நாயுடு ஒருவர் கேட்கிறார்: "ஏனுங்க பாய், அம்மிணி அந்தக் கோடிக்குப் போயிட்டாங்க, நீங்க பெஞ்சுக்குக் காவலுங்களா?" என்னைப் பார்த்ததும் மாமா எழுந்து, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். முகமே சரியில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாமாவுக்குப் போக இஷ்டமில்லை. ஒன்றரை மாதம் ஆரிஃப் கையில் கடைச் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்று நம் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால் பழி அவர்மேல் வராதல்லவா?

அக்கா,
யாஸ்மின்


பரூச்
22 டிசம்பர் 2025

மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மாவை டாக்டர் பார்த்துவிட்டார். எந்தக் குறையும் இல்லை. தாடை வலி இல்லை, மூச்சு அறவில்லை. அம்மா சத்தமாக ஓதவே இல்லை. நீங்கள் எனக்கு எழுதிய இரண்டு கடிதமும் பொய்.

கடைச் சாவியை ஆரிஃபிடம் கொடுக்க மனமில்லை, அதனால் உங்களுக்குப் போக இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். இல்லாத நோயை என் அம்மா தலையில் கட்டி அவரை வீட்டில் உட்காரவைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்களோடு இல்லாவிட்டால் அவர் போகமாட்டார், அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்கிறீர்கள். அத்தா மௌத்தானபின் எங்களுக்கு நீங்கள்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைவிடக் கோபமாக எழுத எனக்குத் தெரியும், மரியாதைக்கு நிறுத்துகிறேன்.

பதில் வேண்டும்.

சுஃப்யான்


பரூச்
11 ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? இந்த முறை இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கோபத்தில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்த எண்ணம் இந்த வாரம் மாறிவிட்டது.

இங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பம்ப். ஒன்றில் அதிர்வு அதிகம் என்று மீட்டர் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் பேரிங் புதுசு மாதிரி இருக்கிறது. மறுபடி மாட்டினோம், மறுபடி அதே அதிர்வு. மீட்டர் பொய் சொல்கிறது, கழற்றி எறியுங்கள் என்று நானே கத்தினேன். கடைசியில் பார்த்தால் மீட்டர் சரி. ஒயர் இழுத்தவன் இரண்டு பம்பின் பெயர்ப் பட்டையையும் மாற்றிக் கட்டியிருக்கிறான். கெட்டது பக்கத்து பம்ப். நாங்கள் நல்லதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது.

ரூமுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் படித்தேன். இல்லாத வலியைக் கற்பனை செய்கிறவர் இப்படி எழுதமாட்டார். மேடு ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது, சில நாள் மூன்றாவது அடிவரை வருகிறது, சில நாள் வரவில்லை. இது பார்த்து எழுதியதுகூட இல்லை. அனுபவித்தவர் எழுதியது. குரல் உயர்த்தி ஓதுவது ஆண்கள் மட்டும்தான் என்று அக்கா எழுதியிருந்தாள். அதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

அது உங்கள் மூச்சு மாமா. உங்கள் தாடை.

ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள். அதுவரை மேட்டுப் பக்கம் போகாதீர்கள்.

சுஃப்யான்


கோட்டைமேடு
17 ஜனவரி 2026

அன்பு மருமகனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஆமாம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனாலும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

ஆடி மாதத்திலிருந்தே இருக்கிறது. கடையில் மேல்தட்டு டப்பாவை இறக்கும்போது முதலில் வந்தது. ஹஜ்ஜுக்கான உடல் சோதனையில் பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். வலி இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். உட்கார்ந்திருக்கும்போது இல்லைதான்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. கடையில் உட்கார்ந்து படித்தேன். மெதுவாகத் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் திற, வாராவாரம் கூட்டு என்று எழுதியிருந்தாய். அவளுக்கு என்று நீ எழுதியது எனக்கே எழுதியது மாதிரி இருந்தது. மே மாதத்துக்குள் இதை நடந்தே சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவள் நடந்தாள், பின்னால் நானும் நடந்தேன். சந்தேகம் வந்தால் உன்னைக் கேட்க வேண்டுமே. என் பேரைச் சொன்னால் நீ டாக்டரிடம் போகச் சொல்வாய். அதனால் அவள் பேரைப் போட்டேன். பேர் ஒன்றுதான் பொய், மீதி எல்லாம் நடந்ததுதான்.

கடைச் சாவிக்காக என்று நினைத்தாய். தம்பி, சாவி ஆறு மாதமாக ஆரிஃபிடம்தான் இருக்கிறது.

டாக்டர் ஒருவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் ஜைத்தூன் என்ன செய்வாள் தெரியுமா? அழமாட்டாள், சண்டை போடமாட்டாள். ஹஜ்ஜுக்கென்று தைத்து வைத்திருக்கிற வெள்ளைத் துணியை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, "சோறு போடட்டுமாண்ணே" என்பாள். மூன்று வருடம் குலுக்கலில் பேர் விழாதபோதும் அதைத்தான் செய்தாள். நான்காவது முறை என்னால் அதைப் பார்க்க முடியாது.

போய்வந்து பார்த்துக்கொள்கிறேன். நாலு மாதம்தானே. நீ மட்டும் பேசாமல் இரு. மாமன் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

வஸ்ஸலாம்.
மைதீன் பிச்சை


பரூச்
22 ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் டிசம்பர் கடிதத்தில் எழுதியதற்கு மன்னிப்பு நேரில் கேட்கிறேன். அதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

பேசாமல் இருக்கமாட்டேன். சும்மா கிடந்த இதயத்துக்குத்தான் என் திட்டம். அடைப்பு இருக்கிற இதயத்துக்கு அது விஷம். அடைத்த குழாயில் பம்பை வேகமாக ஓட்டினால் குழாய் திறக்காது, பம்ப்தான் போகும். அங்கே கூட்டத்துக்கு நடுவில் நீங்கள் விழுந்தால் பக்கத்தில் இருக்கப்போவது அம்மா மட்டும்தான். பாஷை தெரியாத ஊரில் அவர் யாரைக் கூப்பிடுவார்? அவருக்கு ஹஜ் கிடைக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தீர்கள்?

செவ்வாய்க்கிழமை யாஸ்மின் ஆட்டோவோடு வருவாள். அம்மாவை ஏமாற்றிக் கூட்டிப்போன அதே டாக்டர். நீங்கள் ஏறவில்லை என்றால் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்வேன். அவர் ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகன்,
சுஃப்யான்


கோட்டைமேடு
14 பிப்ரவரி 2026

அன்பு மருமகன் சுஃப்யானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், எழுதுகிற அளவுக்கு நலம். நீ நலமா?

ஆட்டோவில் ஏறினேன். ஒரு குழாயில் பெரிய அடைப்பு, ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இதோடு நடந்தேன் என்று சொன்னதற்கு டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். திட்டினாலும் தேவலாம் போலிருந்தது. இந்த ரமலானில் நோன்பு வேண்டாம் என்றுவிட்டார். ஊரே நோன்பிருக்கும்போது மாத்திரைக்குத் தண்ணீர் குடிப்பது கஷ்டம்தான்.

ஜைத்தூன் இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் ரசஞ்சோறு வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் போகாம இருந்துருவேன்னுதானேண்ணே பயந்தே? ஆமா, போகாமத்தான் இருந்திருப்பேன். அதுல உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?" ரசம் காரம் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் கடைசியில் டிரெட்மில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகலாமா கூடாதா என்று டாக்டர் சொல்வாராம். இப்போது அவர்களே நடைத் திட்டம் கொடுத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியிலேயே வாரம் மூன்று நாள், மெஷின் மாட்டிக்கொண்டு. போனால் இரண்டு பேரும், இல்லாவிட்டால் யாருமில்லை என்கிறாள் ஜைத்தூன். என் காலில் அவள் ஹஜ் இருக்கிறது. ஒழுங்காக நடக்கிறேன். நம்பு.

உன் மாமா,
மைதீன் பிச்சை


கோட்டைமேடு
3 மே 2026

அன்பு மகன் சுஃப்யானுக்கு அம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நான் கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிறது, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. மாமா சொல்வதை நம்பமாட்டேன், அம்மா கையால் எழுதட்டும் என்று நீ சொன்னதாக யாஸ்மின் சொன்னாள். நல்லது. நானும் அவரை நம்புவதில்லை. தினமும் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்க்கிறேன். மாமனும் மருமகனும் என் பேரில் இல்லாத வியாதியை எழுதிக்கொண்டு விளையாடியிருக்கிறீர்கள். அதற்கு நான் ஊர் திரும்பி வந்ததும் இரண்டு பேருக்கும் இருக்கிறது.

போன வாரம் மாமாவுக்கு டிரெட்மில் ஆனது. யாஸ்மினும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்வரை நான் பீரோவில் எதை எங்கே வைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை. நீண்ட நடைக்கும், அங்கே இரண்டு குன்றுக்கு நடுவே ஏழு முறை போகிற தொங்கோட்டத்துக்கும் உன் மாமா சக்கர நாற்காலியில்தான் போக வேண்டும்.

"தங்கச்சிக்குத் துணைன்னு போய்ட்டு, தங்கச்சி தள்ள நான் உக்காந்து போறதா?" என்று குதித்தார். அங்கே தள்ளிவிட ஆள் கிடைக்கும் என்றாள் யாஸ்மின். நானே தள்ளுகிறேன் என்றேன். எனக்குத்தான் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னாரே. ஆறு மாதம் நடந்திருக்கிறேன், எதற்காவது உதவட்டும்.

ஜமாஅத்தில் இருந்த நாற்காலியைக் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை முதல் பெரியகுளக் கரையில் பழகுகிறோம். உன் மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறார். அப்போதும் நாயுடு விடவில்லை. "ஏனுங்க பாய், ஊர்வலமுங்களா? சொல்லியிருந்தா மாலை வாங்கியாந்திருப்பேனுங்க" என்றார். துண்டுக்குள்ளிருந்து, "நீங்க முன்னால போங்க நாயுடு" என்று சத்தம் வருகிறது. நேற்று துண்டு இல்லாமல் வந்தார். பள்ளிவாசல் இமாம் எதிரே வந்தபோதுகூட மூடவில்லை. ஸலாம் சொன்னார்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். சமதரையில் பேசிக்கொண்டே தள்ள முடிகிறது. மேட்டுப் பக்கம் பாதியில் எனக்கு மூச்சு வாங்குகிறது, தொடை இறுகுகிறது. வேறெங்கும் வலி இல்லை, ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடாதே. கை நீட்டித் தள்ள வேண்டுமா, மடக்கியா? நடுவில் நிற்கலாமா, நின்றால் நாற்காலி பின்னால் உருளாமல் இருக்க என்ன செய்வது? எத்தனை நாளில் சரியாகும்? சரியான கணக்குப் போட்டு உடனே எழுது.

உன் மாமா எழுபத்தெட்டு கிலோ. பக்கத்தில் உட்கார்ந்து இதை எட்டிப் பார்த்துவிட்டு, எழுபது என்று எழுதச் சொல்கிறார். எழுதமாட்டேன்.

துஆவுடன்,
உன் அம்மா,
ஜைத்தூன்